சிமெண்ட் மூட்டை இறக்கும் முன்: பழைய கிராமக் கோவில்களின் திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத் தந்தையர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நூறு வயது தாண்டிய கிராமக் கோவில் உள்ள ஊர்களில் திருவிழா நெருங்கினால் திருப்பணிப் பேச்சும் கிளம்பிவிடும். அந்த ஆசை நல்லதுதான். நான் கேட்பது ஒன்றே: பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசாதீர்கள்.

எங்கள் ஊர்க் கோவிலில் பூசினோம். சுவர் அங்கங்கே உதிர்கிறது என்று பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பெயிண்டும் அடித்தோம். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்தது. விரலால் அழுத்தினால் உள்ளிருந்து வெள்ளை உப்பு மாவு மாதிரி கொட்டியது. பாவ அறிக்கை கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பின்னால் செங்கல்லே பொடிந்துபோயிருந்தது.

காரணம் எளிது. அந்தக் காலச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையின் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே காயவிடும். உதிர்வதென்றால் பூச்சுதான் உதிரும், செங்கல் தப்பிக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லைத் தின்கிறது. சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, பல நாள் ஊறவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த கொத்தனார்களுக்கு இந்தச் சுவரின் குணம் தெரிந்திருந்தது. அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேடிப் பிடிக்கக் கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூருக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். வயல்களுக்கு நடுவில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் எழுப்பிய கோதிக் பாணி திரு இருதயக் கோவில். வளைவுக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று என்று தனித்தனி அச்சில் செய்து சுட்ட செங்கல். அதில் ஒன்று உடைந்தால் எந்தக் கடையில் போய் வாங்குவீர்கள்?

அழகு மட்டும் இல்லை, நம் வெட்கமும் கட்டடத்தில்தான் பதிந்திருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலுக்கு, சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார, பீடத்தில் வந்து சேரும் இரண்டு கைகள் போல இரண்டு கூடங்கள். நடுவே பிரிப்புச் சுவர். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள். சுவர் போனது நியாயம், நூறு முறை நியாயம். ஆனால் அந்த இரண்டு கைகள் நிற்பதால்தானே இன்றைய பிள்ளைகள் "ஏன் இப்படிக் கட்டினார்கள்?" என்று கேட்க முடிகிறது? விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றதும் அதே ஊரில்தான். 2022இல் அவர் புனிதரானார்.

சரி, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா? முடியாதுதான். 1960களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குருவானவர் மக்களைப் பார்த்துத் திருப்பலி வைக்கிறார்; அதற்காகப் பீடத்தை முன்னால் கொண்டுவந்தோம். ஒழுகும் கூரையைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் பழைய மரப் பீடத்தை எடைக்குப் போடுவதும், கல்லறைக் கற்கள் மேல் டைல்ஸ் ஒட்டுவதும் எந்த வழிபாட்டுக்கும் தேவையில்லை. எங்கள் கோவிலில் நடுப்பாதையில் எழுத்து தேய்ந்த ஒரு கல் இருந்தது. சின்ன வயதில் அதை மிதிக்காமல் சுற்றிப் போகச் சொல்லி அம்மாச்சி கையைப் பிடித்து இழுப்பார். இப்போது அது டைல்ஸுக்கு அடியில் கிடக்கிறது. யாருடைய கல்லறை என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ சிறந்த சுரூபங்கள், படங்களை ஆயரின் எழுத்து அனுமதி இல்லாமல் சீர்செய்யக் கூடாது, அவரும் வல்லுநர்களைக் கேட்டே அனுமதி தர வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1189ஆம் எண். பங்கின் பழைய பதிவேடுகளைக் கவனமாகப் பாதுகாக்கச் சொல்கிறது 535. ஊர்ப் பெயிண்டர் மாதா சுரூபத்துக்குப் புதிதாகக் கண் எழுதும் முன் இதைப் பேரவைக் கூட்டத்தில் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

அப்புறம், வேலை தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, போன் கேமராவிலாவது மணிக்கூண்டு முதல் திருமுழுக்குத் தொட்டி வரை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கல்லில் உள்ள எழுத்தைத் தாளில் படி எடுங்கள். ஊரில் மறைக்கல்வி சொல்லித்தந்த பழைய உபதேசியார் வீட்டுக்குப் போய், எந்தக் கல் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அதைச் சொல்லக்கூடியவர் போன தவக்காலத்தில் இறந்துபோனார்.

அன்புடன்,
ஒரு கிராமப் பங்கின் விசுவாசி