இரண்டாம் பருவத் தொடக்கம்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்ச்சி திருப்தியாக இருக்கிறது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

தீபாவளி லீவு முடிந்தும் வகுப்புகளில் சில இடங்கள் காலியாகவே இருக்கின்றன. லீவில் பை தைக்கும் கார்கானாவுக்கும் (பட்டறைக்கும்), தாராவியின் கழிவுப் பொருள் பிரிக்கும் பகுதியான 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கவும் போன பையன்கள் சிலர் இன்னும் திரும்பவில்லை. வருகிறவர்களில் ஒருவனுக்கு, தோல் பை ஒட்டுகிற பசை விரல்களில் காய்ந்து உரிகிறது. பேனா பிடிக்க முடியவில்லை. ஒரு மாணவி முதல் பீரியடிலேயே தூங்கிவிடுகிறாள். கேட்டால், இட்லித் தட்டில் மாவு ஊற்ற நாலு மணிக்கே எழுந்தாளாம்.

யாரும் ஆசைப்பட்டு அனுப்புவதில்லை என்று எனக்குத் தெரியும். தாராவியில் வாடகை, ஊரில் வட்டி, நடுவில் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் போதும். வீட்டுத் தொழிலில் பிள்ளை கைகொடுப்பதைச் சட்டமும் முழுதாகத் தடுக்கவில்லை. ஆனால் பள்ளி நேரத்திலும், இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரையிலும் சொந்த வீட்டுத் தொழிலிலும்கூடப் பிள்ளையை ஈடுபடுத்தக் கூடாது. வெளியார் கார்கானா என்றால், 14 வயது நிறையாத பிள்ளைக்கு லீவு நாளிலும் அனுமதி கிடையாது. மீறி வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதைக் கூட்டி எழுதித் தரச் சொல்லி யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம். தகவல் இல்லாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், அதை அதிகாரியிடம் தெரிவிப்பது என் கடமை. எவ்வளவு பழக்கமானவர் வீட்டுப் பிள்ளை என்றாலும் தெரிவிப்பேன்.

அந்த நிலை வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வாங்கின அட்வான்ஸைக் காட்டி முதலாளி பிள்ளையை விட மறுத்தால் பயப்படாதீர்கள். கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், கட்டணம் இல்லை. புத்தகமும் சீருடையும் மதியச் சாப்பாடும் இங்கே இலவசம். விட்டுப்போன பாடத்தைச் சொல்லித்தர ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று பிள்ளையை யாரும் வகுப்பில் நிறுத்திக் கேட்க மாட்டோம்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன். அன்று வேலைக்குப் போகிறவர்கள் இரவு 8 மணி வரை வரலாம். கார்கானா வாசலுக்கே போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து வகுப்பில் விட்ட தாய்மார்களுக்கும், வருமானம் குறைந்தும் காலை வேலையைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்ட பெற்றோர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்