இங்கிலீஷே போதும் என்கிற அண்ணன் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

நெதர்லாந்தில் ஐண்ட்ஹோவன், வெல்ட்ஹோவன் பக்கம் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

உங்களில் பலரைப் பொங்கல் விழாவில் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த யாராவது "டச்சு கத்துக்கணுமா?" என்று கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்: "அதெல்லாம் வேண்டாம்ப்பா, இங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்."

சரிதான். ஆனால் அது உங்கள் ஆபீஸுக்குத்தான் சரி. காலையில் நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியபின் வீட்டுக்கு வருபவை வேறு. நகராட்சிக் கடிதம், வரித்துறையின் நீல உறை, பிள்ளை நாளைக்கு எதையோ கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் அனுப்பிய செய்தி. எதை என்பதைப் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு பாதிதான் சொல்லும். மீதியைப் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் கேட்க வேண்டும். கேட்டால் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், குறையே சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் தங்களுக்குள் டச்சில் விட்ட பேச்சைத் தொடர்வார்கள். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக. இரண்டு வருடம் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

நம்மை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதுதான் சிக்கலே. அகதியாக வருபவர்களுக்கு, 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, மூன்று ஆண்டுக்குள் டச்சு கற்றுத் தேர்வு எழுதும் கடமை உண்டு. வேலைக்காக வந்த நமக்கும் குடும்பத்துக்கும் விலக்கு. காரணம், நாம் தற்காலிகமாக வந்தவர்களாம்! வீட்டுக்கடன் வாங்கி, தோட்டத்தில் கறிவேப்பிலையைக் குளிரில் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் தற்காலிகம். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கான முப்பது சதவீத வரிச்சலுகை ஐந்து ஆண்டில் எந்த மாதம் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். அதே ஐந்து ஆண்டு கழித்து நிரந்தர வசிப்புரிமை கேட்டால் மொழித் தேர்வு வந்து நிற்கும் என்பது மட்டும் கடைசி வருடத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

தேர்வை விடுங்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா, ஊரில் பத்து வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். கணவரின் விசாவில் வந்தவர்தான், ஆனாலும் வேலை செய்ய அவருக்கு எந்தத் தடையும் இல்லை. இங்கே பள்ளியில் பாடம் நடப்பது டச்சில். அப்புறம் என்ன, வீட்டில் இருக்கிறார். சில கம்பெனிகளில் ஊழியருக்கு மதிய வேளையில் டச்சு வகுப்பே நடக்கிறது. நீங்கள் மூன்றாவது வகுப்போடு நின்றுவிடுகிறீர்கள். அந்த அக்காவுக்கு அந்த நாற்காலி கிடைத்திருந்தால் எழுந்திருக்க மாட்டார்.

கஷ்டமான மொழி என்பீர்கள். கஷ்டம்தான், நானும் அடிபட்டிருக்கிறேன். பல் மருத்துவரிடம் நேரம் கேட்டபோது போனில் "ஹால்ஃப் நேகன்" என்றார்கள். ஹால்ஃப் என்றால் அரை, நேகன் என்றால் ஒன்பது, ஒன்பதரைக்குப் போய் நின்றேன். அவர்கள் சொன்னது எட்டரை. ஒன்பதை எட்ட இன்னும் அரை மணி பாக்கி என்று எண்ணுகிற ஊர் இது! வராமல் போனதற்குக் கட்டணமும் கட்டினேன்.

ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, வகுப்பில் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். "நாளைக்கு நான் சந்தைக்குப் போவதால்" என்பதை டச்சில் "ஓம்டாட் இக் மோர்கன் நார் டெ மார்க்ட் கா" என்பார்கள். அந்தக் கடைசி "கா"தான் போவது. "ஓம்டாட்" வந்தால் வினைச்சொல் நம்மூர் மாதிரி கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் யோசித்தவர்கள் எல்லாம் அதை நடுவில் செருகித் திட்டு வாங்கினார்கள். நான் தமிழில் யோசித்தேன், தப்பித்தேன்.

போதாததற்கு நான் நாகப்பட்டினத்துக்காரி. 1658 முதல் 1781 வரை எங்கள் ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. கக்கூஸ் என்கிற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். ஆபீஸில் அதைச் சொல்லி வழி கேட்டுவிடாதீர்கள், அங்கேயும் அது நாகரிகமான சொல் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பவர் வகுப்புக்குப் போகட்டும். இன்னொரு மாலை நீங்கள் போங்கள். நூலகத்து மொழிக் கஃபேயில் ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் காபியோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள், தப்பாகப் பேசினாலும் கடைசிவரை கேட்பார்கள். நாம் இருக்கும் இந்தப் பிரபான்ட் மாகாணத்து உச்சரிப்பும் கொஞ்சம் மென்மை, ஆம்ஸ்டர்டாம்காரர் மாதிரி தொண்டையைக் காற வேண்டியதில்லை.

அதற்கு முன்னால், அடுத்த முறை சந்தைக்கு நீங்களே போய்ச் சீஸ் கடையில் "மாக் இக் எய்ன் போன்ட் காஸ்" என்று கேட்டுப் பாருங்கள். போன்ட் என்றால் இங்கே அரைக் கிலோ. கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவுவார். நீங்கள் தாவாதீர்கள்.

ஹௌடூ (இந்தப் பக்கத்தில் "போய் வருகிறேன்" சொல்வது இப்படித்தான்),
ஐண்ட்ஹோவனில் ஆறாவது குளிர்காலம் பார்க்கும் உங்கள் சகோதரி