செயலாளரின் ஆண்டறிக்கை: குடோன் மைதானமும் பின்சந்து வழியும்

பேரவைக்கு வந்திருக்கும் தாய்மார்கள், பெரியவர்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன் வடிகால் தூர்வார மனு கொடுத்தோம், வேலை நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு செயற்குழுவின் நேரமெல்லாம் குடோன் மைதானத்துக்கே போனது.

அது தனியார் நிலம் என்பதே நம்மில் பலருக்குப் போன ஜூலையில்தான் உறைத்தது. பழைய குடோன் இடிந்தபின் சுவரில்லாமல் கிடந்த இடம். விடியற்காலையில் பெரியவர்கள் நடப்பார்கள், சாயங்காலம் பசங்க ஃபுட்பால் ஆடுவார்கள். பின்சந்து வீட்டுக்காரர்கள் மெயின் ரோட்டுக்குப் போவதும் அதன் ஓரமாகத்தான். ஜூலையில் சுவர் எழுப்பி, கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இப்போது பின்சந்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

நகர நில அளவைப் பதிவேட்டின் (டி.எஸ்.எல்.ஆர்.) நகல் வாங்கிப் பார்த்தோம். முழு நிலமும் தனியார் பெயரில்தான் இருக்கிறது, புறம்போக்கு ஓர் அடிகூட இல்லை. அதனால் ஆக்கிரமிப்பு என்று சொல்லிப் போராட்டம் நடத்த வேண்டாம் என முடிவெடுத்தோம். இளைஞர்கள் சிலருக்கு அதில் வருத்தம். ஆனாலும் பொய்யான காரணத்தைச் சொல்லி உண்மையான உரிமையைக் கேட்க முடியாது.

வேறு இடத்தில் ஆடக் கூடாதா என்று நிலத்துக்காரர் தரப்பில் கேட்டார்கள். எங்கே ஆடுவது? சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபிறகு, வடக்கே வர வேண்டிய மணல் தெற்கேயே தங்கிவிட்டது. மெரினா அகலமானது. ராயபுரத்துக்கு வடக்கே எண்ணூர் வரை கரையைக் கடல் அரித்தது, தடுக்கப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு மணல், இங்கே கல். மணிக்கணக்குக்குப் பணம் கட்டி டர்ஃபில் ஆட எல்லா வீட்டாலும் முடியாது.

தனியார் நிலத்தில் மற்றவர்களுக்கு என்ன உரிமை என்பது அடுத்த கேள்வி. ஸ்காட்லாந்தில் 2003-ல் வந்த சட்டப்படி, தனியார் நிலத்திலும் பொதுமக்கள் பொறுப்போடு நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். வீடும் அதை ஒட்டிய தோட்டமும் பயிர் நிற்கும் வயலும் அதில் சேராது. நம் நாட்டில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம், அதாவது அடுத்தவர் நிலத்தை வழி போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை பற்றிய சட்டம். அதிலும் வழி வேறு, மைதானம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பின்சந்து வீட்டுக்காரர்கள் அந்த வழியை 20 வருடம் வெளிப்படையாக, சண்டையில்லாமல், இடைவிடாமல், அனுமதி கேட்காமல் உரிமையோடு பயன்படுத்தியதை நிரூபித்தால் வழிப்பாத்தியதை, அதாவது அந்த வழியே போகும் உரிமை உண்டு. அது அவரவர் வீட்டோடு சேர்ந்த உரிமை. விளையாட்டு அப்படி எந்த வீட்டோடும் சேராது. அதை ஊர் வழக்கம் என்றுதான் கேட்க வேண்டும். வழக்கம் நெடுங்காலமானதாக, நியாயமானதாக, இன்னார் இன்னதைச் செய்தார்கள் என்று திட்டமாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மைதானத்து வழக்கு கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: யாரிடமாவது அனுமதி கேட்டு உள்ளே போனோமா? சாட்சியம் எழுதப் போனபோது, மைதானத்து ஓரத்தில் வெகுகாலம் இட்லிக்கடை வைத்திருந்த ஆயாவிடம் இதைத்தான் கேட்டேன். "செவுரே இல்ல நைனா, யாரைப் போய் கேக்கறது?" என்றார். அதை அவர் சொன்னபடியே எழுதிக் கைநாட்டு வாங்கியிருக்கிறோம். இந்த ஆண்டு சங்கத்துக்குக் கிடைத்த பெரிய சொத்து அந்தத் தாள்தான்.

நவம்பரில் நிலத்துக்காரர் தரப்பு பேச அழைத்தது. ஒரு பையனுக்குக் கால் முறிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான பயம். காப்பீட்டுச் செலவில் பங்கு தருவதாகச் சொன்னோம். காலை 6 முதல் 8 வரை திறக்கச் சம்மதித்து ஒரு கடிதமும் தயாரித்தார்கள். ஆனால் "இதுவரை அனுமதியின் பேரிலேயே பயன்படுத்தினோம்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் ஆயா சொன்னது பொய்யாகிவிடும். அப்புறம் நம் கையில் இருப்பது வெறும் அனுமதி, அதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அந்த வரியை எடுத்துவிட்டு, "எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி" என்று சேர்த்து ஜனவரியில் திருப்பி அனுப்பினோம். இன்னும் பதிலில்லை.

பசங்க பத்து மாதமாக ஆடாமல் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரமாவது கிடைத்திருக்குமே, கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று சில தாய்மார்கள் என்னிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. இருந்தாலும் செயற்குழு செய்தது சரி என்றே நம்புகிறேன்.

காலக்கெடு முக்கியம். தடையைத் தெரிந்தும் ஒரு வருடம் ஒத்துக்கொண்டு சும்மா இருந்தால் இடைவிடாத பயன்பாடு அறுந்துபோகும். ஆட்சேபித்து ஆகஸ்டிலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டதால் நாம் ஒத்துக்கொண்டதாகாது. ஆனால் தடை விழுந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் வழிப்பாத்தியதை கேட்க முடியாது. அதுவரை இழுக்காமல் ஜூன் மாதமே உரிமையியல் நீதிமன்றம் போகப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கிறேன். வழிக்குப் பின்சந்து வீட்டுக்காரர்கள் வாதிகள். மைதானத்துக்கு ஊரார் சார்பில் சிலர், நீதிமன்ற அனுமதியோடு. பேச்சுவார்த்தைக் கதவை நாம் மூடவில்லை.

ஒரு வேண்டுகோள். மைதானத்தில் எடுத்த பழைய ஃபுட்பால் டீம் போட்டோ, பொங்கல் விளையாட்டு நோட்டீஸ், பின்பக்கம் தேதி எழுதிய எந்தப் படமாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்