புடவை விளம்பரத்துல புடவையே நிஜம் இல்லன்னா?

ஆசிரியருக்கு வணக்கம்,

இப்பல்லாம் இன்ஸ்டாகிராம் திறந்தா வரிசையா புடவை விளம்பரம், அதுல நெறைய ஏஐ போட்ட படம். மாடல் பொண்ணு ஏஐன்னா கூட போகட்டும்னு விட்டுடலாங்க, ஆனா புடவையையே ஏஐ வரைஞ்சா எப்படி, பார்டர் தோள்கிட்ட ஒரு டிசைன் கொசுவத்துல வேற டிசைன், ஜரிகை எந்தத் தறியிலயும் நெய்ய முடியாத மாதிரி மின்னுது, காசு கட்டி பார்சல் பிரிச்சப்புறம்தான் சாயம் வெளுக்குது.

2025 ஆகஸ்ட் மாசம் அமெரிக்க வோக் ஃபேஷன் இதழ்ல கெஸ்ங்கிற துணி கம்பெனி ஏஐ மாடல் விளம்பரம் போட்டு பெரிய சர்ச்சை ஆச்சு, அதுலயாவது ஓரமா பொடி எழுத்துல ஏஐன்னு போட்டிருந்தாங்க. இங்க அதுவும் இல்ல.

பின்டெரெஸ்ட்னு படம் பாக்குற ஆப்ல ஏஐ படத்தை கம்மியா காட்டுன்னு செட்டிங்லயே சொல்லலாம், ஃபேஷன், வீட்டு அலங்காரம்னு தனித்தனியா. மத்த ஆப்லயும் இது வந்தா நல்லாருக்கும். 2024ல இன்ஸ்டாகிராம் நடத்துற மெட்டா கம்பெனி ஏஐ படத்துக்கு லேபிள் போட ஆரம்பிச்சப்ப சும்மா டச்சப் பண்ண நிஜ போட்டோவுக்கும் ஏஐன்னு முத்திரை குத்திட்டாங்க, போட்டோகிராபர்லாம் கத்துனப்புறம் லேபிள் பேரை ஏஐ இன்ஃபோன்னு மாத்துனாங்க, அது தனிக்கூத்து.

நம்ம நாட்டுலயும் 2026 பிப்ரவரியில ஐடி ரூல்ஸ் திருத்தி, நிஜம் மாதிரி தெரியுற ஏஐ படத்துக்கு லேபிள் கட்டாயம்னு சொல்லியாச்சு. கடைக்காரங்க பேசாம வெளிச்சத்துல வச்சு போன்லயே ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, அதுவே போதும். அப்புறம் ஆசிரியரே, உங்க பேப்பர்ல வர்ற நகைக்கடை, பிளாட் விளம்பரத்துக்கும் ஏஐ படம்னா கீழ ஒரு வரி போடுவீங்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, சேலம்