உன் தட்டு மட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்மா, நீ மாத்திரை போட்டியா?" என்று பேச்சை என் பக்கமே திருப்பிவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். தம்பி அந்த செஃப்போடு எடுத்துக்கொண்ட படத்தை வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த விருந்துக்கு நான் உனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. காரில் ஏறியதும் "இவ்வளவு செலவு தேவையா?" என்றுதான் வாயில் வந்தது. அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்ததற்கு, டிவியில் மட்டுமே பார்த்த மனிதரின் கையால் சாப்பாடு போட வேண்டும் என்று மூன்று மாதம் முன்பே இடம் பதிவு செய்தவள் நீ. கடைசியில் பில்லே மேசைக்கு வரவில்லை. எப்போதோ கட்டி முடித்துவிட்டிருக்கிறாய். அப்பா சட்டைப் பைக்குள் விட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, "என் பொண்ணு என்னைக் கையை நீட்டவே விடலை" என்று என்னிடம் சொன்னார். குரல் சரியாக இல்லை. ஆனால் பாப்பா, செலவு செலவுதான். இனிமேல் கையில் காசு வைத்துக்கொள். எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. அன்றைக்கு அந்த வாசல் படியில் நீ விடுவிடுவென்று இறங்கினாய்.

அப்பா ஒரு வாரம் படித்துவிட்டு வந்து மேசையில் பேசினாரே, பாதிதான் என் காதில் விழுந்தது. 1900-இல் மிச்செலின் டயர் கம்பெனிக்காரர்கள் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு கையேடு போட்டார்கள், 1926-இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள், மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம் என்று அர்த்தம் என்றார். எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுக்காரர்தான் பெரிய சமையலறையைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, சாறுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தாராம். நீ கன்னத்தில் கை வைத்து எல்லாவற்றையும் கேட்டாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளைத்திருந்தாய். முகத்தில் மட்டும் ஒரு பளபளப்பு.

என் இடத்திலிருந்து கண்ணாடி வழியே சமையலறை நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெரிய செஃப் அடுப்புப் பக்கமே போகவில்லை. தட்டுகள் வெளியே வரும் மேடையில் நின்று, சீட்டைப் படிப்பதும், தட்டைப் பார்ப்பதும், ஓரத்தைத் துணியால் துடைப்பதுமாக இருந்தார். அவர் கண்ணைத் தாண்டாமல் ஒன்றும் எங்களிடம் வரவில்லை. பரிமாறிய பிள்ளைகள் யாருக்கு எது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் எண் உண்டு, அதைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். சாப்பாட்டில் யாருக்கு என்ன ஆகாது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்களாம். அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கு உப்பு குறைவாக, தம்பிக்குக் கடலை ஆகாது, எல்லாம் சொல்லியிருந்தாய். ஒன்றையும் மறக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்த நாற்காலி எண்ணை வைத்துத்தான் உன் தட்டும் வந்தது.

எங்களுக்கெல்லாம் மீன் பச்சையாகச் சீவி வந்தது. உனக்கு வெந்து வந்தது. மேலே அதே பூ, அதே சாறு, சட்டென்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சீஸ் எங்களுக்கு மெத்தென்று உருகி வழிந்தது, உன் தட்டில் இருந்தது கெட்டியானது. மாப்பிள்ளைக்கு ஒயின் ஊற்றினார்கள். உன் கிளாஸில் எனக்கு ஊற்றிய பாட்டிலிலிருந்தே ஊற்றினார்கள். நீ ஒரு வாய் குடித்தால்கூட முகத்தைச் சுளிக்கிறவள் நான். அன்றைக்கு நீ குடிக்கவில்லை என்று தெரிந்ததும் கை நடுங்கிவிட்டது. செஃப் மேசைக்கு வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். உன் பக்கம் மட்டும் குனிந்து மெல்ல ஏதோ கேட்டார். நீ தலையை ஆட்டினாய்.

அவருக்குத் தெரிந்திருந்தது. சீட்டைப் படித்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன், யாராக இருந்தாலும் பச்சையாக, அரைவேக்காடாக எதையும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வேண்டாம். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி, ஃபிரிட்ஜில் வைத்தாலும் வளருமாம். மருத்துவர் கொடுத்த மாத்திரை எதுவானாலும் விடாமல் போடு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. இன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு அரை மணி நேரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதை உன்னிடம் கேட்கிற வாய் எனக்கு இருக்கக் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் ஆறாவது வாரத்திலேயே என்னிடம் மட்டும் சொன்னாய். "அம்மா, இப்ப யாருக்கும் வேண்டாம்" என்றாய். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேருக்குச் சொல்லிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அந்த ஒன்பது பேருக்கும் அது இல்லையென்று ஆனதை நீதான் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டி வந்தது. படுத்த படுக்கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா அத்தை, பரவாயில்லை அத்தை" என்று நீ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அது மட்டுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது உன் தலையைத் தடவாமல், "என்னத்தைடி சாப்பிட்டே?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்கு ஒரு வருடம் கழித்து என் ரத்தக் கொதிப்புக்காக மருத்துவரிடம் போனபோது, வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். தெரிந்துகொண்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை அப்படி ஆகிவிடுவது உண்டு என்றார். ஆரம்பத்தில் போவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது, அது கரு உண்டாகும்போதே தீர்ந்துபோன விஷயம், அன்றாடம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும் ஏறி இறங்குகிற படிக்கும் அதில் வேலையே இல்லை என்றார்.

இது தெரிந்து இரண்டு வருடமாகிறது, பாப்பா. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும், அதனால் சொல்லவில்லை. நீ இரண்டு வருடமாக எதை நினைத்துக்கொண்டு சாப்பிட்டாயோ. நீ ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லை. நான்தான் தப்பாகக் கேட்டேன்.

அப்பா அன்றைக்கு மார்கோ பியர் வைட் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? முப்பத்து மூன்று வயதில் மூன்று நட்சத்திரம் வாங்கியவர், 1999-இல் அடுப்பை விட்டு விலகி அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். தன்னை எடைபோடுகிறவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று அவருக்குத் தோன்றிவிட்டதாம். அப்பா அதைச் சொன்னபோது நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றியது.

மாப்பிள்ளை அன்று முழுக்க உன் தண்ணீர் கிளாஸ் காலியாகாமல் பார்த்துக்கொண்டார். நல்ல பிள்ளை. அவர் கையிலும் ஒரு சமையல் உண்டு என்று சொன்னாயே, அவரையே செய்யச் சொல். நீ அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்காதே. நான் வரட்டுமா என்று கேட்கமாட்டேன். வா என்றால் அன்றைக்கே கிளம்புவேன்.

இன்னொன்று. கிளம்பும்போது அவரவர் சாப்பிட்டதை அச்சடித்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்களே, உன்னுடையதை நாற்காலியிலேயே விட்டுவிட்டாய். என்னுடையது என்று நினைத்து எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு இடத்தில் வேறாக இருந்தது. பீரோவில் என் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஐந்து வாரமாகிறது. அப்பாவுக்குக்கூடக் காட்டவில்லை.

அம்மா