குஞ்சு விடுமுன் ஆற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையக ஆறுகளில் மறுபடியும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சுகளை விட்டால், தூண்டில் போடவென்றே வெளிநாட்டுக்காரர் வந்து குவிவார்கள் என்று தங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தை உதாரணம் காட்டியிருந்தார். கடந்த ஜூலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் என்னை அந்த மாநிலத்து ஆறுகளுக்குத்தான் ஒரு வாரம் கூட்டிப்போனார். அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்ரவுட் தானாகவே பெருகும் ஆறுகளில் குஞ்சு விடுவதை மொன்டானாக்காரர்கள் 1974லேயே நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் அதிகம் நின்ற மெடிசன் ஆற்றில்தான் அந்த முடிவுக்கு வித்து விழுந்தது. வருடா வருடம் பண்ணை மீனைக் கொட்டி வந்த பகுதியில் கொட்டுவதை நிறுத்திப் பார்த்தார்கள். ஆற்றிலேயே பிறந்த மீன் கூடியது. அதுவரை கொட்டாத ஓர் ஓடையில் கொட்டிப் பார்த்தார்கள். இருந்த மீனும் குறைந்தது. 1990களில் அதே ஆற்றில் ஒரு நோய் புகுந்து, வானவில் ட்ரவுட்டின் குஞ்சுகள் தலைசுற்றியதுபோல் சுழன்று சுழன்று செத்தன. அப்போதுகூடப் பண்ணை மீனைக் கொண்டுவந்து நிரப்பவில்லை. அந்த நோய்க்கிருமி மீனுக்குப் போகுமுன் சேற்றில் வாழும் ஒரு புழுவுக்குள் வளர்கிறதாம். சேறு என்ற சொல்லை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அங்கே நாங்கள் போட்ட தூண்டிலில் புழுவும் இல்லை, மாவுருண்டையும் இல்லை. முள்ளில் சேவலின் கழுத்து இறகையும் எல்க் என்ற பெரிய மானின் மயிரையும் நூலால் சுற்றிக்கட்டிய போலிப் பூச்சிதான் இரை. அந்த மயிரின் உள்ளே காற்று நிற்பதால் அது நனைந்தாலும் மிதக்கும். பூச்சிக்குப் பாரமே கிடையாது. அதனால் தடித்த நூலின் பாரத்தில்தான் வீச வேண்டும். பின்னால் நூல் முழுதாக நீளும்வரை பொறுத்திருந்துவிட்டு முன்னால் விட வேண்டும். மருமகனுக்கு அந்தப் பொறுமை இல்லை. கரையோரப் பற்றைகள் அவருடைய பூச்சிகளில் பாதியை வாங்கிக்கொண்டன.

ஆனால் என் மனம் மீனில் நிற்கவில்லை. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண், தூண்டிலை எடுக்குமுன் ஆற்றில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் விரல்நகமளவு சின்னக் குழாய்கள் ஒட்டியிருந்தன. ஒரு பூச்சியின் புழு, மணலையும் தூசிக் குச்சியையும் தன் பசையால் ஒட்டிக் கட்டிக்கொண்ட வீடு அது. குழாயின் வாயில் ஆறு கால்கள் அசைந்தன. அந்தக் கல்லை நான் வாங்கித் தடவிப் பார்த்தேன். என் விரலில் துளி வண்டல் ஒட்டவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகக் காலம் கழித்தவனுக்கு அது போதும். கான் வெட்டு, மண் குழி, அணை, சரிவுக்குக் குறுக்கே நிரை என்று மண்ணைப் பிடித்து வைப்பதே எங்களுக்குப் பாதி வேலை. ட்ரவுட் முட்டையிடும் விதத்தைக் கேட்டால் மண்ணுக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பு விளங்கும். பெண்மீன் வாலால் அடித்து, ஆற்றடிச் சிறு கற்களான பரலில் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, பரலாலேயே மூடிவிடுகிறது. பரலின் இடுக்குகளில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. நுண்ணிய மண் வந்து அந்த இடுக்கை அடைத்தால் முட்டை அங்கேயே மூச்சடைத்துச் சாகும்.

இப்போது எங்கள் ஊர் ஆறான ஆக்ரா ஓயாவைப் பாருங்கள். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகள் தண்ணீர் விளிம்புவரை இறங்கிவிட்டன. பல இடங்களில் பாத்தியே சரிவின் போக்கில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அரை மணி மழைக்கு ஆறு பால் ஊற்றிய தேத்தண்ணியாகிவிடும். அதோடு பசளையும் மருந்தும் சேர்ந்துதான் வரும். அது கொத்மலை ஓயாவில் கலந்து தலவாக்கலை நீர்த்தேக்கத்தில் மண்ணைக் கொட்டிவிட்டு மகாவலிக்குப் போகிறது. மரக்கறி செய்பவரை நான் குறைசொல்லவில்லை. கையகல நிலத்தில் கடனுக்கு விதை வாங்கிப் போட்டவரிடம் நாலு முழத்தைக் கரைக்கு விடு என்றால், அந்த நாலு முழத்துக்கு யார் பதில் சொல்வது? அந்தப் பதிலுக்குச் செலவழிக்க வேண்டிய காசைத்தான் குஞ்சுக்குச் செலவழிக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். பரல் அடைபட்ட ஆற்றில் விட்ட குஞ்சு வளரலாம், பெருகாது. ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்து வாங்கி விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஹோர்ட்டன் சமவெளியில் விடலாம் என்ற கட்டுரையாளரின் யோசனையை அடியோடு கைவிட வேண்டும். வெள்ளைக்காரர் தங்கள் ஆட்சியில் இத்தீவுக்குக் கொண்டுவந்த ட்ரவுட்டின் வம்சம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத சின்ன நன்னீர் இறால் ஒன்றும் அந்த ஓடைகளில்தான் வாழ்கிறது. அதைத் தின்ன இன்னும் வாய்களை அனுப்புவது நியாயமில்லை. மொன்டானாவை ஒட்டிய யெலோஸ்டோன் பூங்காவில், உள்ளூர் ட்ரவுட் அகப்பட்டால் கட்டாயம் விட்டுவிட வேண்டும். யெலோஸ்டோன் ஏரியில், வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்ட ஏரி ட்ரவுட் அகப்பட்டால் கொன்றே தீர வேண்டும்.

அங்கிருந்து எடுக்கத்தக்க விதிகள் உண்டு. தண்ணீரின் சூடு தொடர்ந்து மூன்று நாள் 23 பாகையைத் தொட்டால் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை தூண்டில் போட முடியாது. சூட்டில் களைத்த மீன் விட்டாலும் பிழைக்காது. அதைவிட எனக்குப் பிடித்தது 1985ஆம் ஆண்டுச் சட்டம். பாலத்தடி போன்ற பொது இடத்தால் இறங்கிவிட்டால், ஆற்றுநீர் வழக்கமாக ஏறும் உச்சக் கோட்டுக்குள் யாரும் நடக்கலாம், தூண்டில் போடலாம். இரு கரையும் கோடீஸ்வரனின் காணியாக இருந்தாலும் சரி. என் தாத்தா துரைமாருக்கு வலையும் கூடையும் சுமந்து இந்த ஆற்றோரம் நடந்தவர். அவர் தூண்டில் போட்டிருந்தால் தோட்ட வேலையிலிருந்தே பேர் வெட்டியிருப்பார்கள். புதிய திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் லயத்துப் பிள்ளைகளுக்கு என்ன இடம், வழிகாட்டியா கூடை சுமப்பவனா என்பதைப் பற்றி கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெருமழையன்று தங்கள் நிருபர் ஒருவரை அக்கரப்பத்தனைப் பக்கம் அனுப்புங்கள். பாலத்தடியில் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் எத்தனை விரல் மண் நிற்கிறது என்று படம் பிடித்துப் போடட்டும். அந்தப் படத்துக்குக் கட்டுரையாளர் தரும் பதிலையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்,
அக்கரப்பத்தனை.