சேர்வராயன் அடிவாரத்துக் கிராவல் குவாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

ஏற்காட்டு மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் வைத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். குவாரியை மூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்கும் கிராவல் கொட்டித்தான் மேடேற்றினேன். உங்களிடம் டிப்பர் ஓட்டுகிற பையன்களில் பலர் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி மட்டும்.

ஒரு நாள் எங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். உட்சுவரில் மேலே இரண்டடி செம்மண். அதற்குக் கீழே, நீங்கள் வெட்டி விற்கிற அதே கிராவல், ஆள் உயரத்துக்கும் மேலே. அதற்கும் கீழே கரும்பாறை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும், கிராவலும் பாறையும் சேருகிற இடத்தில் சுவர் முழுக்க ஈரம் கசியும். வடக்கு மூலையில் ஓர் ஊற்றுக்கண் விரல் பருமனுக்கு விழும். இந்த மலை சார்னோக்கைட் என்கிற கெட்டியான கரும்பாறை. வெடிப்பு இருக்கிற இடத்தைத் தவிர அதில் தண்ணீர் நிற்க இடமே கிடையாது. மழையை வாங்கி வைத்து, அந்த வெடிப்புகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி விடுவது மேலே இருக்கிற மக்கிய பாறைதான். அதைத்தான் கிராவல் என்று லோடு கணக்கில் அள்ளுகிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்தில் ஒரு குழியை ஊற்று வருகிற ஆழத்துக்கும் கீழே இறக்கினார்கள். தண்ணீர் சுரந்ததும் மோட்டார் வைத்து இரவு பகலாக ஓடையில் இறைத்து விட்டார்கள். கல் கட்டிய கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு நான் கிணற்றை அளப்பது வழக்கம். அந்த ஒரு மாதத்தில் ஒன்பது முடிச்சு இறங்கியது. வடக்கு மூலை காய்ந்து போனது. மோட்டார் நின்று மூன்று வாரம் கழித்துத்தான் அங்கே மறுபடி ஈரம் பட்டது. அதற்குள் பாதி வாழை மடிந்துவிட்டது. எனக்கு அப்போது வந்த கோபத்தைவிட, இத்தனை நல்ல தண்ணீர் யாருக்கும் உதவாமல் ஓடியதே என்ற வேதனைதான் அதிகம்.

ஆகவே முதல் வேண்டுகோள்: ஊற்று மட்டத்துக்கு மேலேயே குழியை நிறுத்திக்கொள்ளுங்கள். பாறைக்கு மேல் கொஞ்சம் கிராவலை விட்டுவையுங்கள்.

அடுத்தது புழுதி. பாதைக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும், தெளிக்காவிட்டால் எங்கள் மல்லிகைச் செடி முழுக்க மண் படிகிறது. ஆனால் அதற்கு ஏன் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்? ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். உங்கள் குழி 2 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் பெய்கிற ஒரே மழையில் 10 லட்சம் லிட்டர் அதில் விழுகிறது, அதாவது 10,000 லிட்டர் டேங்கரில் நூறு நடை. அதில் கொஞ்சம் ஆவியாகட்டும், கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கட்டும், இறங்கினால் எங்களுக்கும் நல்லதுதான். மீதியை ஒரு மூலையில் தேக்கினால் பல வாரத்துக்குத் தெளிக்கலாம். தெளிப்பதைக் காலையிலும் வெயில் தாழ்ந்தும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் தெளிப்பது பாதி வீண். டிப்பர் மெதுவாகப் போனாலே புழுதி குறையும். போரில் ஒரு மீட்டர் மாட்டிவிட்டால் எவ்வளவு எடுக்கிறோம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

குழியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, வெளியே விடுகிற நீரை ஒரு தொட்டியில் தெளியவைத்து விடுங்கள். நம் ஓடைகளின் மண் எங்கே போகிறது? இந்த மலைநீர்தான் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் வருகிறது. திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறந்து, சேலத்துக்கு நடுவே ஓடி, காவிரியில் சேருகிறது. வண்டிக்கு ஆயில் மாற்றுவதைச் சிமெண்டுத் தளத்தில் செய்யுங்கள். குத்தகை முடிந்த குழியில் குப்பை கொட்ட யாரையும் விடாதீர்கள். கிராவல் போன இடத்தில் வடிகட்ட எதுவும் இல்லை, கழிவு நேரே வெடிப்பு வழியாகக் குடிதண்ணீருக்குள் போய்விடும்.

சின்னக் குவாரிதானே என்று சிலர் சொல்வீர்கள். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. உங்களிடம் இருக்கிற அந்த அனுமதிக் கடிதத்தில் தண்ணீரைப் பற்றி என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதை வாசலில் தமிழில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. மாதம் பிறந்தால் முதல் தேதி காலையில் நான் கிணற்றை அளந்து நோட்டில் எழுதுகிறேன். அன்றைக்கு உங்கள் ஆள் ஒருவரை அனுப்பி வையுங்கள். அவர் கையாலேயே கயிற்றை இறக்கட்டும், முடிச்சை எண்ணட்டும். பிறகு உங்கள் போரையும் நாங்கள் வந்து அளக்கிறோம். இரண்டு அளவையும் ஒரே நோட்டில் எழுதுவோம்.

இப்படிக்கு,
அடிவாரத்து விவசாயி ஒருவன்